நோவ்கோரத் சர்ச்சுகளைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் ஊட்டியில் அரை நாள் சுற்றுங்கள்

மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போன பிள்ளைகள் நம் நீலகிரியில் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாவோ மாமா சித்தியோ, செஞ்சதுக்கத்தில் ஒரு போட்டோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனை முன்னால் ஒரு போட்டோ, அப்புறம் ஹாஸ்டல் சமையலறையில் பிள்ளைக்கு ரசம் வைத்துக் கொடுப்பது என்று பத்து நாளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தங்கை மகனைப் பார்க்கப் போனபோது நான் வெலிக்கி நோவ்கோரத் வரை போனேன். போயும் முதல் தடவை வீண்தான். ஏற்பாடு செய்து கொடுத்தவர் ஒரே நாளில் பதினோரு சர்ச் காட்டினார், இரவு அறைக்கு வந்து போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தால் எல்லாவற்றிலும் வெள்ளைச் சுவர், மேலே ஒரு குவிமாடம், முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான். எது எந்த சர்ச் என்று ஒன்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடம் தனியாகப் போய் மூன்று நாள் தங்கிப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். நோவ்கோரத் என்றால் நம் கணக்கில் புத்தூர். பெயர்தான் புத்தூர், பழைய ஏடுகள் 859ஆம் ஆண்டிலேயே அதைப் பேசுகின்றன. நடுவில் வோல்கவ் ஆறு ஓடுகிறது. மேற்குக் கரையில் கோட்டையும் சோஃபியா பேராலயமும், கிழக்குக் கரையில் வியாபாரிகளின் பகுதி. 1136இல் தங்கள் இளவரசனையே வெளியே அனுப்பிவிட்டு, ஊர்க்கூட்டம் போட்டு, மணியடித்துக் கூடிப் பேசி முடிவெடுத்த ஊர் இது. 1478இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் ஊரைப் பிடித்தபோது அந்த ஊர்க்கூட்ட மணியையும் கழற்றிக்கொண்டு போனான். மங்கோலியப் படை இந்த ஊருக்குள் வரவே இல்லை, அதனால் மற்ற ரஷ்ய நகரங்களில் அழிந்துபோனது இங்கே மிஞ்சியது. 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, ஊட்டிக்கு வருவோம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு காலை நேரம் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குப் போங்கள். சிரிக்காதீர்கள். நாற்பது வருடமாகப் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்களிடம் உள்ளே உத்தரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1829இல் அடிக்கல் போட்டு, 1831 ஈஸ்டருக்குத் திறந்த சர்ச் அது. அதன் பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து மலையேற்றிக் கொண்டுவந்தவை. அதைத் தெரிந்துகொண்டு அண்ணாந்து பாருங்கள், அதே கூரை வேறு மாதிரித் தெரியும். ஒரு கட்டடத்தில் எந்தப் பகுதி எப்போது வந்தது, எது வேறிடத்துச் சாமான், எது பின்னால் ஒட்டுப் போட்டது என்று கேட்டுப் பழகுவதுதான் பயிற்சி. வெளியே கால்மணி நேரம் நிற்காமல் உள்ளே நுழையக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற தோடர் மந்து, அதாவது தோடர்களின் குடியிருப்பு, வரை ஏறிவிடுங்கள். அங்கே குடிசையின் முகப்பு அரைவட்டமாக வளைந்து நிற்குமே, அந்த வளைவைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். நோவ்கோரத்தில் சர்ச் வயதைக் கண்டுபிடிக்க அது உதவும், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

போக்குவரத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு ரஷ்யா மின்விசா தருகிறது, எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் விண்ணப்பிக்கிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்வதில்லை. பணமாகக் கொண்டுபோய் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மாஸ்கோவ்ஸ்கி நிலையத்திலிருந்து லாஸ்தொச்கா என்ற ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், மாஸ்கோவிலிருந்து என்றால் இரவு ரயில். லாஸ்தொச்கா என்றால் தகைவிலான் குருவி, ரயிலுக்கு அழகான பெயர். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை: நாமெல்லாம் ஊட்டிக்காரர்கள், டிசம்பர் உறைபனி பார்த்தவர்கள் என்ற மிதப்பில் ஒரே ஸ்வெட்டரோடு செப்டம்பர் கடைசியில் போய் இறங்கினேன். ஆற்றங்கரைக் காற்று இரண்டே நிமிடத்தில் அந்த மிதப்பைக் கழற்றிவிட்டது. காற்று புகாத மேல்சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். பெண்கள் பையில் ஒரு துப்பட்டாவோ ஸ்கார்ஃபோ வைத்துக்கொள்ளுங்கள், வழிபாடு நடக்கும் சர்ச்சில் தலையை மூடவேண்டும். ஆண்கள் நேர்மாறாகக் குல்லாவைக் கழற்றவேண்டும். மங்கி கேப் போட்டே பிறந்த நம்மூர்ப் பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஒரு நாளைக்கு மூன்று சர்ச். அதற்கு மேல் வேண்டாம். இது என் கண்டிப்பான யோசனை.

முதல் நாள் சோஃபியா பேராலயத்துக்குக் கொடுங்கள். 1045இல் தொடங்கி 1050இல் முடித்தது, இன்றைய ரஷ்யாவில் நிற்கும் மிகப் பழைய கல் தேவாலயங்களுள் ஒன்று. ரஷ்ய சர்ச் என்றதும் நம் மனசில் வருவது மாஸ்கோவின் வண்ண வண்ண வெங்காயக் குவிமாடம், அதெல்லாம் பிந்தைய காலம். இங்கே குவிமாடம் போர்வீரனின் இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும், ஐந்து நடுவில், ஆறாவது மாடிப்படிக் கோபுரத்தின் மேல். நடுவில் இருப்பது மட்டும் தங்கப் பூச்சு. அதன் உச்சிச் சிலுவையில் ஒரு புறா உட்கார்ந்திருக்கும், பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். 1570இல் இவான் கொடூரன் இந்த ஊரில் நடத்திய கொலைகளைப் பார்த்து, சிலுவையில் வந்தமர்ந்த புறா அப்படியே கல்லாகிவிட்டது, அது பறந்துபோகாத வரை ஊருக்கு அழிவில்லை என்று கதை. கதையைவிட நடந்தது இன்னும் விசித்திரம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியோடு சேர்ந்து வந்த ஸ்பானிய நீலப் படைப்பிரிவினர், கீழே விழுந்த அந்தச் சிலுவையை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். 2004இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது மேலே இருப்பது நகல், பழைய சிலுவை பேராலயத்துக்குள்ளே இருக்கிறது, கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

மேற்கு வாசலுக்குச் சுற்றிப் போங்கள், நிறையப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள். வெண்கலத் தகடுகள் பதித்த கதவு, 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் போலந்துப் பேராலயம் ஒன்றுக்காக வார்த்தது, எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வேதாகமக் காட்சிகளுக்கு நடுவே, வார்த்த கைவினைஞர்கள் தங்கள் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள், கையில் உலைக்கருவியோடு. நம் கோயில் தூணில் ஸ்தபதி எங்காவது ஒரு மூலையில் நிற்பாரே, அந்த மாதிரி. லத்தீனும் ரஷ்யனும் கலந்து எழுத்து பொறித்திருக்கும். நான் அந்தக் கதவு முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன், காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கியதும் நகர்ந்தேன்.

உள்ளே பெஞ்சு கிடையாது, நின்றுதான் வழிபாடு. ஆர்கனோ வேறு வாத்தியமோ கிடையாது, மனிதக் குரல் மட்டும். அதனால் சாயங்கால வழிபாட்டு நேரம் பார்த்துப் போய் ஒரு மூலையில் சும்மா நில்லுங்கள், கண்ணைவிடக் காதுக்குத்தான் அங்கே வேலை. பல பழைய சர்ச்சுகளில் சுவரின் மேல்பகுதியில் வட்ட ஓட்டைகள் தெரியும். அவை கட்டும்போதே உள்ளே பதித்த மண்பானைகளின் வாய். குரல் நன்றாகப் பரவவும், வளைகூரையின் பாரம் குறையவும் வைத்தது என்கிறார்கள். பூசை நடக்கும் இடத்தை மறைத்துத் திருவுருவப் படங்களின் சுவர் ஒன்று நிற்கும், நமக்குக் கருவறைத் திரை நினைவு வரும். அதற்குள் நுழையப் பார்க்காதீர்கள். போட்டோ எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கோட்டைக்குள் நிற்கும் ஆயிரமாண்டு நினைவுச்சின்னத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1862இல் வைத்த பெரிய மணி வடிவம், சுற்றிலும் நூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள். அதில் இவான் கொடூரனைத் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டான். ஊர்க்கூட்ட மணி பறிபோனபோது மாஸ்கோவை எதிர்த்து நின்ற மார்ஃபா அம்மாள் இருக்கிறார். ஜெர்மன் படை இதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டது, கொண்டுபோக நேரம் கிடைக்கவில்லை. 1944இலேயே திரும்பப் பூட்டி நிறுத்திவிட்டார்கள். 5 ரூபிள் நோட்டு கிடைத்தால் அதில் இந்தச் சின்னமும் பின்னால் சோஃபியாவும் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொண்டுவர நல்ல பொருள், விலையும் 5 ரூபிள்தான்.

இரண்டாம் நாள் நடைப்பாலம் வழியாக ஆற்றைத் தாண்டுங்கள். இங்கேதான் மந்தில் பார்த்த வளைவு வேலைக்கு வரும். 11, 12ஆம் நூற்றாண்டு சர்ச் என்றால் சுவர் முடிகிற இடத்தில் தோடர் குடிசை முகப்புகளை வரிசையாக ஒட்டிவைத்தது போல அரைவட்டங்கள் நிற்கும், கூரை அந்த வளைவின் மேலேயே படிந்து போகும். 13ஆம் நூற்றாண்டுக் கடைசிக்கு மேல் அந்த வரிசை போய், ஒரு பக்கச் சுவருக்கு ஒரே பெரிய மூன்றிதழ் வளைவும் மேலே ஒற்றைக் குவிமாடமும் வந்துவிடுகின்றன. அளவும் சுருங்குகிறது. முன்னால் இளவரசர்கள் பெரிதாகக் கட்டினார்கள், பிறகு பிரபுக்களும் வியாபாரிகளும் தெருக்காரர்களும் தங்கள் கைக்கு எட்டிய அளவில் கட்டினார்கள். இது ஒன்று தெரிந்தாலே பாதி சர்ச்சுகளைத் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: பின்னாட்களில் பல கூரைகளை நேர்ச்சரிவாக மாற்றியிருக்கிறார்கள். ஆகவே கூரையை மட்டும் நம்பாமல் அதற்குக் கீழே சுவரில் பழைய வளைவின் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது தரை. யாரோஸ்லாவ் முற்றத்தில் 1113இல் தொடங்கிய புனித நிக்கோலாஸ் பேராலயம் நிற்கிறது. அதன் அடிச்சுவர் இப்போதைய தரைக்குக் கீழே போவதைப் பார்க்கலாம். சர்ச் இறங்கவில்லை, ஊர் ஏறிவிட்டது. நோவ்கோரத் சேற்று மண், தெருவுக்கு மரக்கட்டை பாவுவார்கள், அது சேற்றில் அமுங்கியதும் மேலே இன்னொன்று. ஒரு தெருவைத் தோண்டியபோது 953 முதல் 1462 வரை இப்படி 28 அடுக்கு மரப்பாதை கிடைத்தது. நம்மூரில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறதே, அதே கதைதான், அங்கே ஐநூறு வருடமாக.

அதே முற்றத்தில் 1207இன் பரஸ்கேவா பியாத்னீத்சா சர்ச், கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்கள் கட்டியது. பக்கத்தில் ஒப்போக்கி என்ற இடத்து யோவான் சர்ச், இது மெழுகு வியாபாரிகளுடையது. ஊரின் தராசும் துணி அளக்கும் கோலும் இங்கேதான் இருந்தன. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் எடைத் தகராறு வந்தால் கோயிலுக்குப் போய் சாமி முன்னால் எடை போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு சண்டை மிச்சமாகும்.

காரையைப் பார்க்க வேண்டுமென்றால் சோஃபியா பக்கத்துக் கரையில் கொஷெவ்னிக்கி என்ற பழைய தோல் பதனிடுவோர் பகுதிக்குப் போங்கள், அங்கே 1406இன் பேதுரு பவுல் சர்ச் பூச்சில்லாமல் கல்லும் செங்கல்லுமாக நிற்கிறது. வெள்ளைச் சுவர்களையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது விருந்து. கிளிஞ்சல் படிந்த உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், நடுநடுவே செங்கல். இதைவிட மூத்த சோஃபியாவில் செங்கல் இன்னும் தட்டை, சமவெளியில் பழைய வீடு இடிக்கும்போது வருமே அந்த வகை, ஆனால் அகலம் கூட. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை இளஞ்சிவப்பாக இருக்கும், காரணம் செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சேர்த்தது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்வார்களே, அதேதான். இதைப் பார்த்ததும் எனக்கு ரஷ்யா திடீரென்று பக்கத்து ஊர் ஆகிவிட்டது.

இலின் தெருவின் உருமாற்ற ஆலயத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1374இல் அந்தத் தெருக்காரர்கள் கட்டியது, நம்மூரில் தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் எழுப்புகிற மாதிரி. சுவரில் பெரிதும் சிறிதுமாகக் கற்சிலுவைகள் பதிந்திருக்கும், வெளியே நின்று முதலில் அவற்றைப் பாருங்கள். உள்ளே பைசாந்தியம் என்ற பழைய கிரேக்கப் பேரரசிலிருந்து வந்த ஓவியர் தியோபனீஸ் 1378இல் தீட்டிய சுவரோவியங்கள். அவர் பல சர்ச்சுகளில் வரைந்தவர், சுவரில் அவர் கைவேலை என்று உறுதியாகச் சொல்ல இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். வண்ணம் அதிகம் கிடையாது, செங்காவியும் பழுப்பும், அதன் மேல் சட்டென்று இழுத்த வெள்ளைக் கோடுகள். அந்த வெள்ளைக் கோடு முகத்தில் மின்னல் விழுந்த மாதிரி இருக்கிறது. உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, குவிமாடத்தில் இருக்கும் கிறிஸ்துவை அண்ணாந்து பாருங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. குறுகலான படி ஏறினால் மேலே மூலையில் ஒரு சின்ன அறை, அங்கேதான் ஓவியம் மிக நன்றாகத் தப்பியிருக்கிறது. மழையும் ஈரமுமான நாளில் இந்த மாதிரி சர்ச்சுகளைப் பூட்டி வைப்பதுண்டு, ஈரம் ஓவியத்தைத் தின்றுவிடும். ஆகவே வெயில் அடிக்கிற நாளை இதற்குப் பிடித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகமாக இருக்கும் ஒவ்வொரு சர்ச்சுக்கும் வார விடுமுறை உண்டு, மாதத்தில் ஒரு துப்புரவு நாளும் உண்டு. அதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவை நான் தடவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கோட்டை அருங்காட்சியகத்தில் பூர்ஜ மரப்பட்டைக் கடிதங்களைக் கட்டாயம் பாருங்கள், சர்ச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த சர்ச்சுகளில் நின்றவர்கள் எழுதியவை அவை. முதல் கடிதம் 1951 ஜூலை 26 அன்று கிடைத்தது, இன்று ஆயிரத்துக்கும் மேல். மையில்லை, எழுத்தாணியால் கீறியது, நம் ஓலை மாதிரியே. சேற்றில் காற்று புகாமல் கிடந்ததால் அழுகவில்லை. கடன் பாக்கி, கல்யாணப் பேச்சு, வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஆன்ஃபிம் என்ற ஆறேழு வயதுப் பையன் எழுத்துப் பழகிக்கொண்டே, சலிப்பு வந்ததும் தன்னைக் குதிரைவீரனாக வரைந்து எதிரியை ஈட்டியால் குத்துகிறான். கைவிரல் மூன்றா ஐந்தா என்று அவனுக்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே. நெரெதித்சாவின் இரட்சகர் ஆலயம் 1198இல் ஒரே கோடையில் கட்டியது, மறு வருடம் உள்ளே முழுக்க ஓவியம். 1941இல் குண்டு விழுந்து சுவரில் பாதிதான் மிஞ்சியது. போருக்கு முன்னால் யாரோ பொறுமையாக எடுத்த போட்டோக்களும் அளவுகளும் இருந்ததால் திரும்ப எழுப்ப முடிந்தது, ஓவியம் மட்டும் திரும்பவில்லை. உள்ளே வெறும் சுவருக்கு நடுவில் அங்கங்கே பழைய வண்ணம் தொற்றிக்கொண்டிருக்கும். அந்த வெறுமையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும், முழுசாக இருக்கிறது என்று நினைத்துப் போனால் ஏமாற்றம். வோலதோவோவில் 1352இன் சர்ச்சும் அதே போரில் கல்மேடாகப் போனது. அந்த மேட்டிலிருந்து பொறுக்கிய லட்சக்கணக்கான ஓவியத் துணுக்குகளைப் பல வருடம் உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். எந்த சர்ச்சிலும் பழைய சுவர் எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்ற கோட்டைத் தேடுங்கள். ஊட்டி உத்தரத்தைப் பார்த்துப் பழகியது இதற்காகத்தான்.

தெற்கே இல்மென் ஏரிப் பக்கம் யூரியெவ் மடம், அங்கே 1119இல் தொடங்கிய புனித ஜார்ஜ் பேராலயம், பீட்டர் என்ற மேஸ்திரி கட்டினார் என்று ஏடு சொல்கிறது. அந்தக் காலத்தில் மேஸ்திரி பெயர் ஏட்டில் ஏறுவது அபூர்வம். மூன்று குவிமாடம், ஆனால் வரிசையாக இல்லை, ஏனோ அந்தக் கோணல்தான் அதற்கு அழகு. கொஞ்ச தூரத்தில் வீத்தஸ்லாவ்லித்சி, பல கிராமங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மர வீடுகளும் மர சர்ச்சுகளும் திறந்தவெளியில் நிற்கின்றன, அதில் பெரெத்கி கிராமத்து சர்ச் 1531ஐச் சேர்ந்தது. நகரப் பேருந்து இரண்டுக்கும் போகிறது. சாயங்காலம் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள், ஏரிக்காற்றில் நிறுத்தத்தில் நிற்பது விளையாட்டில்லை.

பிள்ளை ஊட்டி வர்க்கி, அந்த மொறுமொறு பிஸ்கட், கேட்டிருப்பான், எல்லாப் பிள்ளையும் கேட்கும். அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனதைத் தங்கை மகன் ஸ்பூனால்தான் சாப்பிட்டான்.